ஊருணியில் தட்டான் இருப்பது சரி, அதற்கு வயது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நம் மாவட்டச் செய்திகளில் ஆண்டு தவறாமல் ஒரு வரி வந்துவிடுகிறது: ஊருணியில் தட்டான் பறக்கிறது, தட்டானின் லார்வா (நீருக்குள் வளரும் இளம் உயிர்) கொசுப்புழுவைத் தின்றுவிடும், அதனால் மருந்து அடிக்க வேண்டியதில்லை. இதில் பாதிதான் உண்மை. எந்த வயதுத் தட்டான் எந்த வயதுக் கொசுப்புழுவைத் தின்னும் என்ற மீதிப் பாதியை யாரும் எழுதுவதில்லை. மழை விழுந்த பத்தாம் நாள் ஊரே கொசுவால் அவதிப்படும்போது, "தட்டான் எல்லாம் சும்மா கதை" என்று சொல்லி ஊருணியில் மண்ணெண்ணெய் ஊற்றப் போகிறவர்களும் உண்டு. நீர்ப்பூச்சிகளைப் பற்றிக் கற்பிக்கிறவர்கள் என்ற முறையில் அந்த மீதியை எழுதுகிறோம்.

நீரில் வளரும் பூச்சிகளில் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க ஒரே உணவை உண்பதில்லை. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் வாய் பெரிதாகிறது, தாடை மாறுகிறது, நீந்தும் வலு கூடுகிறது. அதற்கேற்ப இரையும் மாறுகிறது. தட்டானையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிலிருந்து வெளிவருவது உண்ணவே தெரியாத ஒரு வடிவம். சிறிது நேரத்திலேயே அது தோலுரித்து, கால்கள் விரிந்த குட்டி லார்வாவாகிறது. நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இந்த அளவில் அதன் உணவு கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் உயிரிகளும், அப்போதுதான் பிறந்த டாப்னியா போன்ற நீர்த்தெள்ளுகளும்தான். முழு வளர்ச்சி பெற்ற கொசுப்புழு 6 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். தன்னைவிட ஆறேழு மடங்கு நீளமானதை அந்தக் குட்டி பிடிப்பது எப்படி?

தட்டான் லார்வாவின் கீழுதடு பார்க்கத் தகுந்தது. முழங்கைபோல் மடிந்து தலைக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முன்னால் பாய்ந்து, நுனியிலுள்ள இரண்டு கொக்கிகளால் பற்றி வாய்க்கு இழுத்துவிடும். சிறு தட்டிலே நீர்விட்டு, கைவில்லையில் பார்த்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்த உதடு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் வேட்டை எல்லை, கொக்கிகள் எவ்வளவு அகலம் விரியுமோ அவ்வளவுதான் இரையின் பருமன். ஒரு சட்டை உரிப்புக்கும் அடுத்த உரிப்புக்கும் இடைப்பட்டதைப் பருவம் என்கிறோம். தட்டான்கள் இனத்தைப் பொறுத்து 8 முதல் 17 பருவங்கள் கடக்கின்றன. நடுப்பருவங்களை எட்டிய பிறகுதான் கொசுப்புழு அதற்கு அன்றாட உணவாகிறது. கடைசிப் பருவங்களில் தலைப்பிரட்டையையும் சிறு மீன்குஞ்சையும்கூடப் பிடிக்கும். தன் இனத்துக் குட்டிகளையும் விட்டுவைக்காது.

இப்போது நம் ஊர்க் கணக்கைப் போடுவோம். ஐப்பசி மழையில் ஊருணி நிறைகிறது. கொசு உடனே முட்டையிடும். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதே நாட்களில் பருவக்காற்றோடு கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான், விலங்கியலில் பாண்டாலா ஃபிளாவெசென்ஸ், தற்காலிக நீர்நிலைகளில் முட்டையிடுவதில் வல்லது. தட்டான்களில் மிக வேகமாக வளர்பவற்றில் இதுவும் ஒன்று. அப்படியிருந்தும் லார்வாப் பருவத்துக்கு 38 முதல் 65 நாள் வரை எடுத்துக்கொள்ளும். ஆக, முதல் இரண்டு வாரத்தில் ஊருணியில் இருக்கும் தட்டான்கள் கொசுப்புழுவைத் தொட முடியாத குட்டிகள். முதல் தலைமுறைக் கொசு தட்டானின் தடையின்றிப் பறந்துவிடும், இரண்டாவதிலும் ஒரு பகுதி தப்பிவிடும். தட்டானின் உழைப்பு தெரியத் தொடங்குவது அதற்குப் பிறகு.

அந்த இடைவெளியை நிரப்புவது வேறு பூச்சிகள். மல்லாந்து நீந்தும் நீர்ப்பூச்சியும் நீர்வண்டும் வளர்ந்த நிலையிலேயே இரவில் பறந்து வந்து புதுத்தண்ணீரில் இறங்குகின்றன. அவை வந்த அன்றே கொசுப்புழுவைப் பிடிக்கும் அளவில் இருக்கின்றன. மண்ணெண்ணெய்ப் படலம் முதலில் கொல்வதும் இவற்றைத்தான், ஏனென்றால் காற்றுக்காக இவை நீர்ப்பரப்புக்கு வந்தே ஆகவேண்டும். தட்டான் லார்வா மலக்குடலுக்குள் உள்ள செவுள்களால் மூச்சுவிடுவதால் ஓரளவு தப்பும். முதல் வாரத்தில் எண்ணெய் ஊற்றுகிறவர், அந்த வாரத்தில் வேலை செய்யக்கூடிய ஒரே கூட்டத்தைக் கொன்றுவிட்டு, வேலை செய்யாத குட்டிகளை மிச்சம் வைக்கிறார்.

வண்டுகளிலும் வயதுக்கேற்ற மாற்றம் உண்டு, வேறு விதமாக. டைட்டிசிடே குடும்ப நீர்வண்டின் லார்வாவுக்கு உள்ளீடற்ற ஊசிபோன்ற தாடை. இரைக்குள் செரிமான நீரைச் செலுத்திக் கரைத்து உறிஞ்சும். வளர்ந்த வண்டோ கடித்து மெல்லும். அதைப்போலவே தோற்றமளிக்கும் ஹைட்ரோஃபிலிடே குடும்பத்தில் லார்வா ஊன் உண்ணும், வளர்ந்த வண்டு பெரும்பாலும் அழுகும் தாவரத்தையும் பாசியையும் உண்ணும். இரண்டு வண்டையும் ஒன்றாக எண்ணி "கொசு ஒழிப்பு வண்டு" என்று எழுதிவிட்டால் கணக்கு பொய்த்துப்போகும்.

ஓடும் நீரில் இந்த மாற்றங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும். நமக்கு வந்து சேரும் வைகை, வருசநாட்டு மலையில் ஓடையாக இருக்கும்போது, கல்லடியில் ஸ்டோன்ஃபிளை, காடிஸ்ஃபிளை, மேஃபிளை ஆகிய சிறகுப் பூச்சிகளின் இளம் பருவங்கள் வாழும். பெர்லிடே குடும்ப ஸ்டோன்ஃபிளை பெரிதானதும் மற்ற லார்வாக்களை வேட்டையாடும். சிறு பருவத்திலோ அதன் குடலில் டயாட்டம் பாசியும் மட்கிய துகளும்தான் அதிகம் இருக்கும். வலைகட்டி வாழும் ஹைட்ரோசைக்கிடே காடிஸ்ஃபிளையின் ஐந்து பருவங்களிலும் வலைக்கண் ஒவ்வொரு படியாகப் பெரிதாகிறது. முதல் பருவத்து நெருக்கமான வலையில் நுண்துகள் சிக்கும். கடைசிப் பருவத்து வலையில் பாசி இழைகளும் சிறு பூச்சிகளும் சிக்கும். இலையைக் கடித்துத் தின்னும் காடிஸ்ஃபிளைகளில் சில, கூட்டுப்புழுவாகும் முன் ஊனுணவுக்கும் திரும்பும். சிறகுத் தசைக்கும் முட்டைக்கும் வேண்டிய புரதம் இலையில் போதாது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். மேஃபிளைக்கு அந்தக் கவலையே இல்லை. வளர்ந்த மேஃபிளைக்குப் பயன்படும் வாயே கிடையாது. லார்வாவாக இருந்தபோது உண்டதை வைத்தே இனப்பெருக்கத்தை முடித்துக்கொள்ளும்.

ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வைகைத் தண்ணீர் வந்தாலும் ஸ்டோன்ஃபிளை வராது. அதற்குக் குளிர்ந்த, காற்று கலந்த ஓட்டம் வேண்டும். ஓடைப் பூச்சிக்கென எழுதப்பட்ட அட்டவணைகளைத் தூக்கிவந்து, "ஸ்டோன்ஃபிளை இல்லை, ஆகவே தண்ணீர் கெட்டது" என்று ஊருணிக்கு மதிப்பெண் போடும் கல்லூரி அறிக்கைகளை என்னவென்று சொல்வது! தேங்கிய நீரை அதற்குரிய பூச்சிகளைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.

வயதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. பூச்சியின் உடல் நீளம் உண்டதற்கேற்ப நீளும், சுருங்கும், நம்ப முடியாது. தலை ஓடு கெட்டியானது, ஒரு பருவத்துக்குள் வளராது, சட்டை உரிக்கும்போது மட்டும் ஒரேயடியாகப் பெரிதாகும். பெரும்பாலான பூச்சிகளில் ஒவ்வொரு உரிப்புக்கும் சுமார் 1.2 முதல் 1.5 மடங்கு கூடும். இதை 1890-இலேயே டயர் என்பவர் காட்டிவிட்டார். ஆகவே கண்களுக்குக் குறுக்கே தலையின் அகலத்தை அளந்து வரைபடத்தில் குறித்தால் மேடுமேடாக விழும். ஒவ்வொரு மேடும் ஒரு பருவம். நுண்ணோக்கியில் அளவுகோல் இல்லாத பள்ளிகள் தலை அகலத்தை 1 மில்லிமீட்டருக்குள், 1 முதல் 3 வரை, 3-க்கு மேல் என்று மூன்று கூறாகப் பிரித்துக்கொண்டாலே போதும்.

பிடிக்கும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கொசுவலைத் துணியில் செய்த வலையின் கண் 1 மில்லிமீட்டருக்கு மேல். குட்டிகள் எல்லாம் ஒழுகிப்போய்விடும். பெரியவை மட்டும் தங்கும். பிறகு "இங்கே தட்டான் எல்லாம் பெரிது, நன்றாக வேட்டையாடுகிறது" என்று முடிவெழுதுவார்கள். கால் மில்லிமீட்டர் கண்ணுள்ள துணி வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளில் விற்கும் நைலான் துணியில் இந்த அளவு கிடைக்கும். கோரை ஓரம், பாசிக்குள், சேற்றின் மேல் என மூன்று இடத்திலும் வலையை இழுக்க வேண்டும். நடுத்தண்ணீரில் மட்டும் வீசினால் தட்டான் கிடைக்காது. வெள்ளைத் தட்டில் கொட்டி, ஐந்து நிமிடம் அசையாமல் விட்டால் குட்டிகள் நகரத் தொடங்கும். அகல வாய்ச் சொட்டுக்குழாயால் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில் போடுங்கள். ஒரே குப்பியில் போட்டால் வீடு போய்ச் சேரும்போது பெரியது ஒன்றுதான் மிஞ்சும், அதன் குடலில் உங்கள் மாதிரிகள்தான் இருக்கும்.

குடலை அறுத்துப் பார்க்க வேண்டுமானால் பிடித்த உடனே 80 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். தாமதித்தால் இரை செரித்துவிடும். தட்டானுக்கு இன்னொரு எளிய வழி உண்டு, கொல்லவும் வேண்டாம். வடிகட்டிய ஊருணித் தண்ணீரில் ஒரு லார்வாவை 24 மணி நேரம் தனியாக விடுங்கள். மெல்லிய சவ்வால் சுற்றிய உருளையாக எச்சம் விழும். அதைக் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு கிளிசரினில் பிரித்து, நூறு மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் கொசுப்புழுவின் தலை ஓடு, மூச்சுக்குழலின் முட்கள், சிவப்பு ரத்தப்புழுவின் (சேற்றில் வாழும், கொசுபோன்ற ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் லார்வா) பல்வரிசை, நீர்த்தெள்ளின் வால் நகம் எல்லாம் உடையாமல் கிடைக்கும்.

இங்கே மூன்று ஏமாற்றங்கள் உண்டு. ஒருசெல் உயிரிகள் செரித்தால் தடமே இருக்காது. குட்டியின் எச்சம் வெறுமையாக இருப்பதால் அது பட்டினி என்று சொல்ல முடியாது. இரண்டாவது, எச்சத்தில் பாசி இருந்தால் தட்டான் பாசி தின்றது என்று எழுதாதீர்கள். அது தின்ற ரத்தப்புழுவின் வயிற்றில் இருந்த பாசியாக இருக்கலாம். மூன்றாவது, மல்லாந்து நீந்தும் பூச்சி, நீர்த்தேள், டைட்டிசிடே லார்வா போன்ற உறிஞ்சிகளின் குடலில் திரவம்தான் இருக்கும். அவற்றை நுண்ணோக்கியில் பார்ப்பது வீண். இரை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரை கொடுக்கும் சோதனைக்கு ஒரு லிட்டர் கண்ணாடிச் சாடி, 15 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர், பற்றிக்கொள்ள ஒரு கோரைத் தண்டு, ஒரே ஒரு லார்வா. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்துவைத்துப் பயன்படுத்துங்கள். லார்வாவை 24 மணி நேரம் பட்டினி போட்ட பிறகு கொசுப்புழுக்களை எண்ணிப் போட வேண்டும், எல்லாம் ஒரே பருவமாக. இருபது போட்டால் பெரிய தட்டான் ஒரே இரவில் தீர்த்துவிடும். தீர்ந்தபின் இன்னும் எவ்வளவு தின்றிருக்கும் என்று தெரியாது. ஐம்பது போடுங்கள். தட்டான் இல்லாத ஒரு சாடியும் பக்கத்தில் இருக்க வேண்டும், தானாகச் செத்தவற்றையும் கூட்டுப்புழுவானவற்றையும் கழிக்க. சட்டை உரிப்பதற்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் லார்வா சரியாக உண்ணாது. சிறகு உறைகள் உப்பி, கண்கள் தெளிந்து, கோரைத் தண்டில் ஏறி நிற்கும் கடைசிப் பருவ லார்வா அறவே உண்ணாது. அதைச் சோதனைக்கு எடுத்துவிட்டு "பெரிய தட்டான் கொசுப்புழுவைத் தொடுவதே இல்லை" என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

சாடியில் வரும் எண்ணிக்கையை அப்படியே ஊருணிக்குப் பெருக்குவதும் தவறு. சாடியில் இரை தப்ப இடமில்லை, வேறு உணவும் இல்லை. ஊருணியில் சேற்றின் மேல் படுத்திருக்கும் தட்டானுக்கு முதலில் எட்டுவது ரத்தப்புழு. க்யூலெக்ஸ் கொசுப்புழு அவ்வப்போது அடிக்கு இறங்குவதால் மாட்டிக்கொள்ளும். அனோஃபிலஸ் என்ற இன்னொரு கொசுவின் புழு நீர்ப்பரப்பில் படுக்கையாக ஒட்டிக்கொண்டு, தலையைத் தலைகீழாகத் திருப்பி மேல்படலத்தை மேய்வது. அதைப் பிடிக்கப் பாசியில் ஏறி நிற்கும் தட்டான் வகைகளும் மேல்மட்டத்தில் வேட்டையாடும் பூச்சிகளும்தான் உதவும். சாடியில் சில ரத்தப்புழுக்களையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், எண்ணிக்கை மாறிவிடும்.

வயதுக் கணக்கு மருந்துக்கும் பொருந்தும். 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட பி.டி.ஐ. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ்) என்ற, கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து தட்டானையும் மீனையும் நேரடியாகப் பாதிக்காது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் இதில் நீண்டகாலம் வேலை செய்திருக்கிறது. இது கொசுப்புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். நான்காம் பருவத்தின் கடைசியில் புழு உண்பதை நிறுத்திவிடும், கூட்டுப்புழு உண்ணவே உண்ணாது. தண்ணீரில் கமா வடிவக் கூட்டுப்புழுக்கள் நிறைந்த பிறகு பி.டி.ஐ. தெளித்தால் காசுதான் கரையும். மழை நின்று நான்கைந்து நாளுக்குள், புழு சிறிதாக இருக்கும்போது, பொட்டலத்தில் உள்ள அளவுப்படி போட வேண்டும். தட்டான் குட்டியாக இருக்கும் அந்த இரண்டு வாரத்துக்குப் பொருத்தமான மருந்து இதுவே. வீரியம் சில நாளில் குறைந்துவிடும் என்பதால் ஒருமுறை போட்டுவிட்டு மறக்க முடியாது. கழிவுநீர் கலந்த தண்ணீரில் இன்னும் சீக்கிரம் குறையும்.

மீன் விடுவதிலும் யோசனை வேண்டும். கம்பூசியா என்ற கொசுமீன் 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கொசுப்புழுவோடு நீர்த்தெள்ளையும் தட்டான் குட்டியையும் சேர்த்துத் தின்னும். சிமென்ட் தொட்டி, கிணறு போன்ற, தட்டானுக்கு வழியில்லாத இடங்களில் மீன் சரி. கோரையும் பாசியும் உள்ள ஊருணியில் மீனை விட்டால், தட்டானின் முதல் பருவ உணவும் போகிறது, தட்டானும் போகிறது. சித்திரையில் தண்ணீர் வற்றும்போது மீனும் செத்துவிடும். அடுத்த ஐப்பசியில் எதுவும் இல்லாமல் தொடங்க வேண்டும்.

தூர்வாருவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீர்த்தெள்ளுகள் வறட்சியைத் தாங்கும் முட்டைகளை இட்டுவிட்டுப் போகின்றன. அவை வண்டலின் மேல் சில சென்டிமீட்டரில் உறங்கும். மழை நனைத்ததும் பொரித்து, ஒரு வாரத்துக்குள் தண்ணீரை நிறைப்பவை அவையே. குட்டித் தட்டானின் தாய்ப்பால் அது. கோடையில் இயந்திரம் விட்டு ஊருணியின் அடி முழுவதையும் ஒரே ஆண்டில் வழித்தெடுத்தால் அந்த முட்டைகள் கரைக்கு மேல் போய்க் காய்கின்றன. தூர்வாரக் கூடாது என்பதல்ல. கொள்ளளவு நமக்கு வேண்டும். வரத்துக்கால் விழும் பக்கத்தில் கால் பங்கைத் தொடாமல் விட்டு, அதை அடுத்த முறை எடுக்கலாம். அல்லது வழித்த மேல்மண்ணில் சில டிராக்டர் லோடைத் தனியே வைத்திருந்து, வேலை முடிந்ததும் அடியில் பரப்பிவிடலாம். ஒப்பந்தக்காரருக்கு இது கூடுதல் ஒருநாள் வேலை. ஊராட்சி வேலைக் குறிப்பிலேயே எழுதாவிட்டால் செய்ய மாட்டார்.

குடிநீர் ஊருணியில் பிளீச்சிங் பவுடரை நேராகக் கொட்டுவதும் இதே வகைத் தவறு. நுண்ணுயிரியும் நீர்த்தெள்ளும் முதலில் சாகும், பாசிதான் பிறகு தழைக்கும். எடுத்து வந்த தண்ணீரைத் தொட்டியில் வைத்துக் குளோரின் சேர்ப்பதே முறை.

கடலோரத்துக்கு ஒரு திருத்தம் தேவை. தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் பக்கம் உப்பேறிய குட்டைகளில் மேலே சொன்ன வரிசை அப்படியே நடக்காது. மேஃபிளையும் பல நீர்த்தெள்ளுகளும் உப்பில் நிற்பதில்லை. க்யூலெக்ஸ் சைட்டியன்ஸ், அனோஃபிலஸ் சப்பிக்டஸ் போன்ற கொசுக்களோ உவர்நீரிலும் பெருகும். உப்பைத் தாங்கும் தட்டான்களும் ஊசித்தட்டான்களும் சில உண்டு என்றாலும், குட்டிப் பருவத்து உணவு குறைவதால் கூட்டம் சிறிதாகவே இருக்கும். இந்தக் குட்டைகளில் தட்டானை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. தோண்டிய குழிகளை மூடுவதும், ஓதத்தண்ணீர் வந்துபோக வாய்க்கால் வெட்டிவிடுவதும்தான் வழி. தென்னைக்கும் சவுக்குக் கன்றுக்கும் தண்ணீர் மொள்ள மணலில் தோண்டும் ஊற்றுக்குழிகள் நன்னீர்தான். ஆனால் அவை சிறியவை, அடிக்கடி கலக்கப்படுபவை, தட்டான் வளர நேரம் கிடைக்காது. அவற்றை வாரம் ஒருமுறை இறைத்து வற்றவைப்பது மருந்தைவிட மலிவு.

மாவட்டத்தில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் பள்ளிப் பசுமைப்படைகளும் இந்தப் பருவத்தில் ஊருணிக் கணக்கெடுப்புக்குப் போவார்கள். அவர்கள் நிரப்பும் படிவத்தில் "தட்டான் லார்வா: உண்டு / இல்லை" என்ற ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, தலை அகலம் மூன்று கூறு, ஒவ்வொன்றிலும் எத்தனை, தண்ணீர் நிறைந்து எத்தனை நாள், கோரையில் ஒட்டியிருக்கும் தட்டான் சட்டைகள் எத்தனை என்று நான்கு கட்டம் போடுங்கள். கூடவே கொசுப்புழு எந்தப் பருவம் என்றும். இந்த ஐந்தும் கையில் இருந்தால் அந்த ஊருணிக்கு இந்த வாரம் பி.டி.ஐ. வேண்டுமா, விட்டுவிடலாமா என்பதைச் சுகாதார ஆய்வாளர் அங்கேயே நின்று சொல்லிவிட முடியும்.

இப்படிக்கு,
நீர்ப்பூச்சியியல் கற்பிக்கும் வாசகர்கள்,
ராமநாதபுரம் மாவட்டம்.